வெனிஸ் வீட்டுக்கார அம்மாள்

வெனிஸ் நகரத்துக்குப் போய் வந்தேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "கொண்டோலாவில் ஏறினாயா?" என்பதுதான். இல்லை என்றால், திருப்பதிக்குப் போய் லட்டு வாங்காமல் திரும்பியவளைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். ஏறாததற்குக் காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

இப்போதெல்லாம் மாப்பிள்ளை ஜெர்மனியில், பெண் ஹாலந்தில் என்று வீட்டுக்கு வீடு ஒருவர் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். நீங்களும் என்றைக்காவது அவர்களைப் பார்க்கப் போய், அப்படியே வெனிஸையும் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைப்பீர்கள். அப்போது உபயோகப்படுமே என்றுதான் இதை எழுதுகிறேன். இதில் முக்கால்வாசி, எங்களுக்கு அறை வாடகைக்குக் கொடுத்த வீட்டுக்கார அம்மாள் சொன்னது. மீதிக் கால்வாசி நாங்கள் அசடு வழிந்து கற்றுக்கொண்டது.

நாங்கள் என்றால் நானும் என் அம்மாவும். அம்மாவுக்கு வயது அறுபத்தெட்டு. முழங்கால் வலி உண்டு. முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடமாட்டாள். இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் பெட்டி. வெனிஸில் கார் கிடையாது, ஆட்டோ கிடையாது, சைக்கிள்கூடக் கிடையாது. நூற்றுக்கு மேற்பட்ட குட்டித் தீவுகளை நானூறுக்கு மேற்பட்ட பாலங்கள் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. படத்தில் பார்க்கும்போது பாலங்கள் வெகு அழகு. பக்கத்தில் போனால்தான் தெரியும், ஏறப் பத்துப் பதினைந்து படி, இறங்கப் பத்துப் பதினைந்து படி. சக்கரம் வைத்த பெட்டி அங்கே வெறும் பாரம். ரயிலடியிலிருந்து நடந்தே போய்விடலாம் என்று நான் கெட்டிக்காரத்தனமாக முடிவு செய்தேன். ஐந்தாவது பாலத்தில் அம்மா, "ஏண்டி, இந்த ஊரில் கூலியாளே கிடையாதா?" என்று கேட்டாள். ஏழாவது பாலத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

இதில் விலாசக் குழப்பம் வேறு. என் கையிலிருந்த சீட்டில் "காஸ்தெல்லோ" என்ற பேட்டையின் பெயரும் நாலு இலக்க எண்ணும்தான் இருந்தன. தெருப் பெயரே இல்லை. வெனிஸை ஆறு பேட்டைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பேட்டைக்கும் ஒன்று முதல் ஆயிரக்கணக்கில் ஒரே வரிசையாகக் கதவிலக்கம். காஸ்தெல்லோவில் அது ஆறாயிரத்துக்கும் மேலே போகிறது. எண் சந்துக்குள் நுழையும், முட்டுச் சுவரில் திரும்பும், கால்வாய்க்கு அந்தப் பக்கம் தாவும். கைபேசியிலுள்ள வழிகாட்டியோ எங்களை இரண்டு முறை தண்ணீர் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தி, "நேராகப் போ" என்றது. ஆகவே வீடு பேசும்போதே, பக்கத்தில் எந்தப் படகுத்துறை, எந்தப் பாலம், எந்த மைதானம் என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எண்ணை நம்பாதீர்கள்.

நவம்பர் மாதத்தில் அங்கே மாலை நாலரைக்கே இருட்டிவிடுகிறது. களைத்துப்போய், ஒரு சின்னப் பாலத்தின் படியில் அம்மாவை உட்காரவைத்து, பக்கத்தில் பெட்டிகளைச் சாத்தி, மிலானில் சிநேகிதி கட்டிக்கொடுத்த எலுமிச்சம்பழச் சாதத்தைப் பிரித்தேன். இரண்டு வாய் சாப்பிட்டிருப்போம். எதிரே, காய்கறி நிறைந்த சக்கரப் பையைப் பிடித்துக்கொண்டு ஒரு மூதாட்டி நின்றாள். எழுபத்தைந்து வயதிருக்கும். எங்களையும் பெட்டியையும் சாதத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்களைத் தாண்டி ஏற அவளுக்கு இடமில்லை. நான் பதறி எழுந்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் பையைப் படி படியாகத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். பத்து நிமிஷத்துக்குப் பிறகு, ஒருவழியாகக் கண்டுபிடித்த வீட்டின் கதவைத் தட்டினால், திறந்தது அவளேதான்!

அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்துக்கு அளவில்லை. அவளோ சிரித்துவிட்டு, ஓர் ஓட்டலில் பல வருஷம் கணக்கு எழுதியபோது கற்றுக்கொண்ட உடைந்த இங்கிலீஷில் விளக்கினாள். பாலமும் சந்தும் வெனிஸ்காரர்களுக்குச் சாலை. நாம் நடுரோட்டில் இலை போட்டுச் சாப்பிடுவோமா? பாலத்தின் மேல் நிற்கக் கூடாது. நின்று படம் எடுக்கத்தான் வேண்டுமென்றால் ஓரமாக ஒதுங்க வேண்டும். சந்தில் வலது பக்கமாக, ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். பாலப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டால் அபராதமும் உண்டாம். அதை அவள் கடைசியில்தான் சொன்னாள்.

மறுநாள் முதல் அவள் யோசனைப்படியே நடந்தோம். பெட்டியோடு வருகிறவர்கள் ரயிலடி வாசலிலேயே ஒன்றாம் எண் படகில் ஏறிவிட வேண்டும். அதுதான் அங்கே டவுன் பஸ். பெருங்கால்வாய் நெடுகிலும் துறைக்குத் துறை நின்று நின்று ஸான் மார்க்கோவுக்கு வந்து சேர முக்கால் மணி ஆகும். அவசரக்காரர்கள் அலுத்துக்கொள்வார்கள், ஆனால் இரு கரையிலும் வரிசையாக நிற்கும் மாளிகைகளைப் பார்க்க இதைவிடச் சௌகரியமான இடம் கிடையாது. தனிச் சீட்டு விலை ஜாஸ்தி. இரண்டு மூன்று நாள் தங்குகிறவர்கள் நாள் கணக்குச் சீட்டே வாங்குங்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு அது மருந்துச் செலவு மாதிரி.

காலையில் ரியால்தோ சந்தைக்குப் போங்கள். மீன் கடைகளுக்கு ஞாயிறும் திங்களும் விடுமுறை. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வந்தாள். ஆனால் அங்கே சுவரில் பதித்திருந்த பழைய சலவைக்கல் பலகையின் அர்த்தத்தைச் சொன்னதும் மூக்கை விட்டுவிட்டாள். எந்த மீன் எத்தனை நீளம் வளர்ந்த பிறகு விற்கலாம் என்று அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மத்தி 7 சென்டிமீட்டர், விலாங்கு 25 சென்டிமீட்டர். அதற்குக் குறைந்தால் குஞ்சு, விற்கக் கூடாது. "பரவாயில்லையே, கொல்கிறவனுக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்களே!" என்றாள் அம்மா.

காய்கறிக் கடையில் ஓர் எச்சரிக்கை. வெண்டைக்காய் முனையை ஒடித்துப் பார்க்கும் நம் வழக்கத்தைக் கப்பலேற்றிவிட்டுப் போங்கள். அங்கே காயைத் தொட்டாலே கடைக்காரருக்குக் கோபம் வரும். விரலால் காட்டினால் அவரே பொறுக்கித் தருவார். விலைச்சீட்டில் "நோஸ்த்ரானோ" என்று எழுதியிருந்தால் "நம்ம ஊர்க் காய்" என்று அர்த்தம். வெனிஸைச் சுற்றிய உப்பங்கழியில் ஸாந்த் எராஸ்மோ என்றொரு தோட்டத் தீவு இருக்கிறது. அங்கிருந்து படகில் வருகிற காய்க்குத் தனி மதிப்பு.

சாப்பாட்டைப் பற்றிச் சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அரிசியும் பச்சைப் பட்டாணியும் சேர்த்துச் செய்யும் "ரிஸி ஏ பிஸி" என்ற பண்டத்தைப் பார்த்து, நம் பட்டாணிச் சாதம் என்று ஏமாறாதீர்கள். பெரும்பாலும் பன்றி இறைச்சித் துணுக்கு கலந்திருக்கும். "பிகோலி இன் ஸால்ஸா" வெறும் வெங்காயக் குழம்பு ஊற்றிய சேமியா மாதிரி தெரியும்; அதில் நெத்திலி கரைந்திருக்கும். மக்காச்சோள மாவைக் களியாகக் கிண்டிய பொலெண்டா, வதக்கிய கூனைப்பூ, காளான், தக்காளி ரொட்டி இவற்றைக் கொண்டே அம்மா ஐந்து நாளை ஓட்டினாள். காப்பியை நின்றுகொண்டே குடியுங்கள். உட்கார்ந்தால் அதே காப்பிக்கு வேறு விலை. ஸான் மார்க்கோ சதுக்கத்தில் 1720 முதல் நடக்கும் புளோரியன் போன்ற காப்பிக் கடைகளில், வாத்தியம் வாசித்தால் சங்கீதத்துக்கும் பில்லில் ஒரு தொகை சேரும். கேட்காத காதுக்கும் அதே கட்டணம்தான்.

ஸான் மார்க்கோ தேவாலயம், டோஜே மாளிகை, மணிக்கூண்டு பற்றியெல்லாம் எழுதப் புத்தகங்கள் ஏராளம். நான் சொல்ல வேண்டியது இரண்டுதான். காலை எட்டு மணிக்குள் சதுக்கத்துக்குப் போனால், அது உங்களுடையது. பத்து மணிக்குப் போனால் நீங்கள் கூட்டத்தினுடையவர். தேவாலயத்துக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். வாசலில் தடுக்கப்பட்ட சிலர் விழித்துக்கொண்டு நிற்க, சேலை கட்டிய என் அம்மா ராணி மாதிரி உள்ளே போனாள்.

ரியால்தோ பக்கத்தில் பெருங்கால்வாய்க் கரையில் நகராட்சி மாளிகை இருக்கிறது. அதன் பக்கத்துச் சந்தில் ஒரு கல்வெட்டைத் தேடிப் பாருங்கள். எலேனா கொர்னாரோ பிஸ்கோபியா என்ற பெண்மணி 1646-ல் அங்கே பிறந்தாள். 1678-ல் பதுவா சர்வகலாசாலை அவளுக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. உலகத்திலேயே முதலில் அந்தப் பட்டம் பெற்ற பெண்களில் ஒருத்தி. எங்களைத் தவிர அந்தக் கல்வெட்டை அன்றைக்கு ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மைதானங்களில் கிணறு மாதிரி ஒன்று செதுக்கு வேலைப்பாட்டோடு இருப்பதைப் பார்ப்பீர்கள். உண்மையில் அது ஊற்றுக் கிணறு அல்ல. கடலுக்கு நடுவில் நல்ல தண்ணீர் ஏது? மைதானத்தைத் தோண்டிக் களிமண் பூசி, மணல் நிரப்பி, பெய்கிற மழையெல்லாம் கல்துளை வழியாக இறங்கி, மணலில் வடிந்து, நடுவிலுள்ள குழாய்க்குள் ஊறும்படி அமைத்திருக்கிறார்கள். 1884-ல் கரையிலிருந்து குழாய்த் தண்ணீர் வரும்வரை இதுதான் குடிநீர். மழைநீர்ச் சேகரிப்பை வீட்டுக்கு வீடு கட்டாயமாக்க நமக்கு 2003 வரை ஆயிற்று என்பது நினைவுக்கு வந்தது. இப்போது மைதானக் குழாய்களில் ஓடும் தண்ணீர் குடிக்க உகந்தது. பாட்டில் வாங்காமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஊருக்குள் ஏறுமே, பயமில்லையா என்று கேட்பீர்கள். 1966 நவம்பர் 4-ல் கடல்மட்டம் 194 சென்டிமீட்டர் உயர்ந்து ஊரையே மூழ்கடித்தது. 2019 நவம்பரில் 187. அதற்குப் பிறகு, உப்பங்கழியைக் கடலோடு சேர்க்கும் மூன்று முகத்துவாரங்களிலும் பதித்திருக்கும் 78 இரும்புக் கதவுகள் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டன. 2020 அக்டோபரில் முதல் முறையாகப் பெரிய அலையை நிறுத்தின. சிறு வெள்ளத்துக்கெல்லாம் கதவை எழுப்புவதில்லை. தாழ்ந்த இடங்களில் கணுக்கால் நனையலாம். சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

இனி கொண்டோலா. பகலில் அரை மணி நேரத்துக்கு அரசாங்கம் விதித்த கட்டணம் 90 யூரோ, இரவில் 110. படகுக்குத்தான், ஆளுக்கல்ல, ஐந்து பேர் சேர்ந்து போனால் கட்டுப்படியாகும். ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள். "ஒன்பதாயிரம் ரூபாய்க்கு அரை மணியா? அந்த வெள்ளிக்குத்துவிளக்கையே வாங்கியிருக்கலாம்" என்று அம்மா சொன்ன பிறகு நான் எங்கே ஏறுவது? ஆனால் "த்ரகெத்தோ" என்று ஒன்று இருக்கிறது. பாலமில்லாத இடத்தில் பெருங்கால்வாயைக் குறுக்கே கடக்கும் படகு. அலங்காரம் கிடையாது, மற்றபடி அதுவும் கொண்டோலாதான். ரியால்தோ சந்தைக்கு எதிர்க்கரையிலிருந்து இரண்டு யூரோ கொடுத்து ஏறினோம். வெனிஸ்காரர்கள் நின்றுகொண்டே வருகிறார்கள். அம்மா என் தோளை இறுக்கிக்கொண்டு நின்றாள். கொண்டோலாக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக ஆண்களே. 2010-ல்தான் ஜியோர்ஜியா போஸ்கோலோ என்ற பெண் முதன்முதலாக உரிமம் பெற்றாள். அவள் தகப்பனாரும் கொண்டோலாக்காரர்.

புரானோ தீவின் லேஸ் பின்னலைப் பார்க்க ஆசையிருந்தால் அங்கேயுள்ள காட்சிசாலைக்குப் போய் முதலில் கண்ணைப் பழக்கிக்கொண்டு பிறகு கடைக்குப் போங்கள். கையால் செய்தது ஒரு சாண் அகலத்துக்கே வாரக் கணக்கில் ஆகும். மலிவாகத் தொங்குவதெல்லாம் எந்திரம் பின்னியது. அவ்வளவுதான், அதற்குமேல் நான் கடைப் பேச்சில் இறங்கவில்லை.

நான் சொல்ல நினைத்த முக்கியமான சமாசாரம் வேறு. ரியால்தோ பாலத்துக்கு அருகில் ஸான் பார்த்தோலோமியோ மைதானத்தில் ஒரு மருந்துக் கடை இருக்கிறது. அதன் கண்ணாடி ஜன்னலில், சிவப்பு விளக்கு எழுத்தில் ஓர் எண். அம்மா அதை டோக்கன் நம்பர் என்று நினைத்தாள். விசாரித்தால், அது அந்தப் பழைய நகரத்தில் இன்னும் குடியிருப்பவர்களின் தொகையாம்! 2008-ல் வைத்தார்கள். 1951-ல் ஏறக்குறைய 1,75,000 பேர் வாழ்ந்த நகரம். 2022-ல் ஐம்பதாயிரத்துக்கும் கீழே போய்விட்டது. வந்து தங்குபவர்களுக்கான படுக்கைகள் வாழ்கிறவர்களைவிட அதிகமாகிவிட்டன என்று 2023-ல் கணக்கெடுத்தவர்கள் சொன்னார்கள். 2024 முதல், கூட்டமான சில நாட்களில், காலையில் வந்து மாலையில் திரும்புபவர்களிடம் நுழைவுக் கட்டணம்கூட வாங்குகிறார்கள். நீங்கள் போகும் தேதியில் உண்டா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அன்று இரவு வீட்டுக்கார அம்மாளிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவள் மாடியைக் காட்டினாள். மேல் வீடு விற்றாகிவிட்டது, வாங்கியவர் வாரம் இரண்டு கூட்டத்துக்கு வாடகைக்கு விடுகிறார், இரவெல்லாம் பெட்டிச் சக்கரச் சத்தம். கீழே இருந்த பால் ரொட்டிக் கடை முகமூடிக் கடையாகிவிட்டது. அவள் பெண்ணுக்கு வெனிஸிலேதான் வேலை; ஆனால் இங்கே வாடகை கொடுத்துக் கட்டாமல் கரைக்கு அப்பால் மெஸ்த்ரேயில் குடித்தனம். தினமும் பஸ்ஸில் வந்து போகிறாள்.

அறைக்குத் திரும்பியதும் அம்மா கதவு நிலையைக் காட்டினாள். வெள்ளைப் பெயின்டின்மேல் பென்சில் கோடுகள், ஒன்றின்மேல் ஒன்றாக. பக்கத்தில் தேதிகள். குழந்தையின் உயரத்தை வருஷா வருஷம் குறித்திருக்கிறார்கள். நாங்கள் படுத்திருந்தது அந்தப் பெண்ணின் அறை. பென்ஷன் போதாததால் வாடகைக்கு விடுகிறாள்.

எனக்கு அன்று சரியாகத் தூக்கம் வரவில்லை. "நாம் வேறு இடத்தில் தங்கியிருக்கலாமோ?" என்று கேட்டேன். "தங்கியிருந்தால் அவளுக்கு யார் பணம் கொடுப்பார்கள்?" என்றாள் அம்மா இருட்டில். இரண்டுமே நியாயமாகத்தான் இருக்கிறது. ஆகவே எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: தங்குவதானால் சொந்தக்காரர் தாமும் குடியிருக்கும் வீட்டிலோ, முறையாக நடக்கும் சிறு ஓட்டலிலோ தங்குங்கள். ஒரு நாளைக்குப் பதில் நாலு நாள் இருங்கள். காய், பழம், சோப்பு, தையல் நூல் எதுவானாலும் முகமூடிக் கடைக்குப் பக்கத்தில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் சாதாரணக் கடையில் வாங்குங்கள். அப்படிப்பட்ட கடைகளுக்கு எங்கள் பேட்டையிலுள்ள கரிபால்தி வீதி நல்ல இடம். நெப்போலியன் காலத்தில் கால்வாயைத் தூர்த்து உண்டாக்கிய அகலத் தெரு அது. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் பந்து உதைப்பதை அங்கேதான் பார்த்தோம்.

நவம்பர் 21-ம் தேதி வெனிஸில் பெரிய விசேஷம். 1630-ல் வந்த பிளேக் நோயில் நகரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஜனங்கள் மாண்டுபோனார்கள். நோய் நின்றால் மாதாவுக்குக் கோயில் கட்டுவதாக அரசாங்கமே வேண்டிக்கொண்டது. அப்படிக் கட்டியதுதான் பெருங்கால்வாயின் முகப்பில் வெள்ளைக் கும்மட்டத்தோடு நிற்கும் ஸாலூத்தே தேவாலயம். வருஷா வருஷம் அந்த நாளை ஒட்டிப் பெருங்கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் போடுகிறார்கள். ஊரே நடந்துபோய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருகிறது. எங்களையும் வீட்டுக்கார அம்மாள் அழைத்துப்போனாள். மெஸ்த்ரேயிலிருந்து அவள் பெண்ணும் சின்னப் பேரனும் வந்திருந்தார்கள். பலூன், பஞ்சு மிட்டாய், எண்ணெயில் பொரிக்கும் பணியாரம், எல்லாம் நம் தேர்த் திருவிழாவேதான். கூட்டத்தில் அடிக்கொரு தரம் யாராவது அவளைக் கட்டிக்கொண்டு கன்னத்தோடு கன்னம் வைத்தார்கள். "இவர் எங்கள் மாடியில் இருந்தவர்", "இவள் என்னோடு படித்தவள்" என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். இருந்தவர், இருந்தவள் என்றுதான் சொன்னாள். இருக்கிறவர் என்று இரண்டு பேரைத்தான் சொன்னாள்.

அம்மாவும் ஒரு மெழுகுவத்தி வாங்கிக் கொடுத்தாள். என்ன வேண்டிக்கொண்டாய் என்று நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். "அந்த அம்மாளின் பெண்ணுக்கு இந்த ஊரிலேயே ஒரு வீடு கிடைக்கட்டும் என்றேன். பிளேக்குக்கே வழி பண்ணினவளுக்கு வாடகை ஒரு பிரமாதமா?"

மறுநாள் அதிகாலை கிளம்பினோம். பெட்டிச் சக்கரத்தின் சத்தம் சந்தில் தூங்குகிறவர்களை எழுப்பக் கூடாதென்று படகுத்துறை வரை கையில் தூக்கிக்கொண்டே நடந்தேன். வீட்டுக்கார அம்மாள் துறைக்கு வந்து ஒரு காகிதப் பொட்டலத்தை அம்மா கையில் வைத்தாள். எஸ் எழுத்து வடிவத்தில் புரானோ பிஸ்கோத்து, அவளே சுட்டது. வெண்ணெயும் முட்டை மஞ்சளும்தான் அதில் பிரதானம். அம்மாவுக்கு அது நன்றாகத் தெரியும். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ரயில் பாலத்தைத் தாண்டி மெஸ்த்ரே வந்த பிறகுதான் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தி, "ஒன்றுகூட வீணாக்காமல் நீயே சாப்பிட்டு முடி" என்றாள்.